டார்ஜிலிங் போன பருப்பு

"சாகக் கெடக்க மனுசனைப் பாத்து தேதி கேட்ட ஒரே பொம்பள இந்தத் திருநெல்வேலி ஜில்லாவுலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப." இதுதான் என் வீட்டுக்காரர் இவர் சொன்னது, ஓர் எழுத்து நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்துச் சீட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு மருந்துக்கடைக்கு என்று படியிறங்கிப் போய்விட்டார். பதில் கேட்க நிற்காமல் போவது இவர்கள் வீட்டுப் பரம்பரைச் சொத்து. பதில் என் வாயிலேயே நிற்கிறது, விழுங்காத மாத்திரை மாதிரி கசந்துகொண்டு. யாரிடம் சொல்ல? கட்டிலில் கிடக்கிற சின்ன மாமாவிடமா? அவரை வைத்துத்தானே சண்டையே. சின்ன மாமா என்றால் என் மாமனாரின் தம்பி, ஆவுடையப்பன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நான் மருமகளாக வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் இருப்பவர். இப்போது நெஞ்சில் சளி கட்டி இந்தக் கட்டிலில். பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியது அண்ணன் மகன், அதாவது இவர். கொள்ளி வைத்தவர் வருஷம் திரும்புகிற வரைக்கும் மலை ஏறக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள், பிள்ளைகள் ரெண்டு பேரையும் சேர்த்து நாலு பேரும், டார்ஜிலிங்குக்கு ரயில் ஏற வேண்டும். ஆகக் கூடி நான் தேதி கேட்டேனாம். அட, கேட்கவே இல்லை என்கிறேன்!

நான் கேட்டது இங்கிலீஷில். வராந்தாவில் அத்தனை பேர் காது நீட்டிக்கொண்டு இருக்கும்போது வீட்டு விஷயத்தைத் தமிழில் கேட்க நான் என்ன புத்தி கெட்டவளா. பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் பிரம்படி வாங்கிப் படித்த இங்கிலீஷ், இந்தக் காலத்தில் வேறு எதற்கு உதவுகிறது, நாலு பேர் நடுவில் ஒரு திரை போட்டுக்கொள்ளத்தானே உதவுகிறது. 'வில் ஹி புல் த்ரூ பை ஃப்ரைடே, டாக்டர்?' வெள்ளிக்கிழமைக்குள் தேறிவிடுவாரா என்று அர்த்தம். புல் த்ரூ என்றால் பிழைத்து எழுந்திருப்பது. எட்டாம் வகுப்பிலேயே வந்துவிடும். அந்த டாக்டருக்கு என் தம்பி மகன் வயசு இருக்கும், மீசை இன்னும் சரியாக ஒட்டவில்லை, அவன் 'புல்'லை மட்டும் பிடித்துக்கொண்டான். புல் என்றால் இழு. இழுத்துக்கொண்டு கிடப்பது. உரக்க, நல்ல தமிழில், வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி சொன்னானே: "வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுப்பாரான்னெல்லாம் தேதி போட்டுச் சொல்ல முடியாதும்மா. கஞ்சி குடுத்துப் பாருங்க. வாய் வழியா இறங்குச்சுன்னா பிடிச்சுக்கிடுவாரு, ரெண்டு நாள்ல வீட்டுக்கே போயிரலாம். இறங்கலைன்னா பெரியவங்களாப் பேசி ஒரு முடிவுக்கு வாங்க." என் திரையை என் தலையிலேயே போட்டு மூடிவிட்டுப் போனான். இவர் முகம் அப்படியே கருத்தது. பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் 'உச்' கொட்டினாள், யாருக்காகக் கொட்டினாளோ. நான் 'த்ரூ' என்றுதான் சொன்னேன். சொன்னேனா? ஒருவேளை 'புல் ஆன்' என்று வாய் தவறி வந்திருக்குமோ. இல்லை, த்ரூதான். உதட்டைக் குவித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் தேறிவிடுவாரா என்று கேட்கிறவள் எதற்கு 'பை ஃப்ரைடே' என்று சேர்க்க வேண்டும். தேறுவாரா என்று கேட்டு நிறுத்தியிருக்கலாம் இல்லையா. நிறுத்தியிருக்கலாம். சரி, கஞ்சியைப் பார்.

ஃபிளாஸ்க்கில் கஞ்சி இருக்கிறது. புழுங்கலரிசி நொய்யை வறுத்துக் குழைய வைத்து, துணியில் வடிகட்டி, உப்பு ஒரு கல். பாலாடையும் கொண்டுவந்திருக்கிறேன். மகன் கோகுலுக்குக் கைக்குழந்தையில் மருந்து புகட்டிய அதே வெள்ளிப் பாலாடை, மூக்கு கொஞ்சம் நசுங்கினது. நர்ஸ் ஸ்டெல்லா வந்து கட்டிலின் தலைப்பக்கத்தைச் சுற்றி உயர்த்திவிட்டுப் போனாள். "ஆன்ட்டி, படுக்க வச்சுக் குடுத்திராதீங்க, புரையேறிரும். கொஞ்சம் கொஞ்சமா." எனக்குத் தெரியாதா. ரெண்டு பிள்ளை வளர்த்தவள். ஆனால் பிள்ளைக்குப் புகட்டும்போது மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும். மாமாவுக்கு மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். உதட்டில் பாலாடையை வைத்தால் உதடு அசைகிறது, பல் திறக்கவில்லை. பல் என்றால் கீழே நாலு, மேலே கட்டுப்பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று. நாலு பல்லை வைத்துக்கொண்டு கோட்டைக் கதவு மாதிரி பூட்டிக்கொள்ள ஒரு மனுஷனால் முடிகிறது. கஞ்சி கடைவாயில் வழிந்து கழுத்து மடிப்புக்குள் போகிறது. துடைத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி வழிந்தது. மாமா, குடிங்க மாமா. சத்தமாகச் சொன்னேன், காது மந்தம் என்பதால். மேலே ஃபேன் டக் டக் என்று ஒரு சுற்றுக்கு ஒரு தரம் தட்டுகிறது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ கொசு அடித்த ரத்தம், பழுப்பாகக் காய்ந்து. அதைப் பார்க்காதே என்று நினைக்க நினைக்க அதிலேயே போய் நிற்கிறது கண்.

மைனி போனில் சொன்னாள், போன வாரமே, மாமா சாதாரண இருமல் என்று படுத்த அன்றைக்கே. செண்பகவல்லி மைனி, இவருடைய அக்கா, சங்கரன்கோவிலில் இருக்கிறாள், சாஸ்திரத்துக்கு மொத்த குத்தகை. "ஏ ஹேமா, சித்தப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க மலைக்குப் போக முடியாது, தெரியும்லா? கொள்ளி வச்சவன் ஒரு வருசம் மலை ஏறப்படாது." நான் விடவில்லை. மலை என்றால் சாமி மலை மைனி, பழனி, திருப்பதி, அந்த மாதிரி, டார்ஜிலிங்கில் எந்தச் சாமி இருக்கிறார் என்று கேட்டேன். "சாமி எங்கதான் இல்ல? மலைன்னா மலைதான்." அப்படியென்றால் குற்றாலத்தில் அருவிக்குப் போகலாமா, அதுவும் மலையிலிருந்துதானே விழுகிறது. "போலாம். அது தண்ணில்லா." இந்த மனுஷி மட்டும் ஹைகோர்ட்டில் இருந்திருந்தால் நாட்டில் ஒரு கேஸ் பாக்கி இருக்காது. அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்பது கூடப் பெரிதில்லை, இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் தோற்கிறதைக் கேட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு நிம்மதி. ஆமாம், நிம்மதிதான். நான் பார்த்தேன். பிறகு மெல்லச் சொன்னார்: "அடுத்த வருசம் போய்க்கிடலாம்." அடுத்த வருசம்! இவருடைய அடுத்த வருசங்களையெல்லாம் கட்டி அடுக்கினால் அதுவே ஒரு மலை, அதன்மேல் ஏறி நின்றால் டார்ஜிலிங் தெரியும். அடுத்த வருசம் மகள் தாரிணி எங்கே இருப்பாள்? ஜூன் மாதம் புனேயில் வேலைக்குச் சேருகிறாள். அங்கே போனபின் லீவு என்பது அவள் கையில் இல்லை. பிறகு ஒரு மாப்பிள்ளை, பிறகு அவன் சொல்கிற ஊர். கோகுல் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறான், அவனுக்கு இப்போதே அம்மாவோடு ஒரே பஸ்ஸில் போக வெட்கம். நாலு பேரும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டு போகிற பிரயாணம் இது ஒன்றுதான். இதற்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் ஒன்றாகப் போவது ஏதாவது கல்யாணத்துக்கோ சாவுக்கோதான். வாய் கொழுப்பு, சாவு என்று ஏன் நினைத்தேன். மாமா, கொஞ்சம் முழுங்குங்க. இந்தா, ஒரு சொட்டு. போச்சு, இதுவும் வெளியே.

மலையைப் பற்றி எனக்குச் சொன்னது ஜியாகரஃபி எடுத்த சிஸ்டர் கன்சோலாட்டா. டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு. பாளையங்கோட்டை வெயிலில் முகம் வெந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு, கரும்பலகையில் ஒரு கோடு இழுப்பார். இது எங்கள் வீட்டு ஜன்னல் என்பார். அதற்கு மேலே இன்னொரு கோடு, அதுதான் மலை. பெரும்பாலான நாள் மேகம் மூடிக்கிடக்கும், விருந்தாளிகள் வந்து இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு, மலையே இல்லை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று திரும்பிப் போவார்களாம். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டாவது கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் அப்பாவுக்கு ஊர் ஊராகப் போகிற வேலை கிடையாது, லீவு விட்டால் நாங்கள் போனதெல்லாம் அத்தை வீட்டுக்கு, அங்கே போய் அத்தை வீட்டுப் பாத்திரம் தேய்க்க. கல்யாணத்துக்குப் பிறகு? இவர் சித்த மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறார். ஹனிமூன் என்று எங்களை அனுப்பியது திருச்செந்தூருக்கு, கூட மாமியார், மைனி, மைனி பிள்ளைகள், ஒரு தூக்குவாளி புளியோதரை. அங்கேயும் சின்ன மாமா வந்தார். அவர்தான் டிக்கெட் எடுத்தார். கடலில் கால் நனைக்காமல் செருப்பையெல்லாம் காவல் காத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்.

பணம் சேர்த்தது நான். இதை யாரும் மறுக்க முடியாது. இவர் சம்பளத்தில் இருந்து எடுத்துச் சேர்க்க வேண்டுமென்றால் எதில் இருந்து எடுப்பது, தின்கிறதில் இருந்துதான். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்குக் காசில்லாத டிக்கெட் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள் இல்லையா, அன்றிலிருந்து கொடுக்காத காசை வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன், இல்லாத கண்டக்டருக்குக் கொடுக்கிற மாதிரி. முந்திரி முழுசு வாங்கினதில்லை, உடைசல். உழவர் சந்தைக்குக் கடைசி நேரத்தில் போவேன், கத்தரிக்காய் வாடித் தலையைத் தொங்கப்போட்ட பிறகு. சாம்பாரில் பருப்பைக் குறைத்து அரிசி மாவு கரைத்து விட்டேன். முதலில் கண்டுபிடித்தவன் கோகுல். கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "அம்மா, பருப்பு எங்க? டார்ஜிலிங் போயிருச்சா?" என்றான். அவ்வளவுதான், வீடே பிடித்துக்கொண்டது. சோப்பு சின்னதானால் சோப்பு டார்ஜிலிங் போய்விட்டது. தோசையில் எண்ணெய் டார்ஜிலிங் போய்விட்டது. இவர் கூட, முழுக்கைச் சட்டையில் கிழிந்த கையை வெட்டி அரைக்கையாக நான் தைத்துக் கொடுத்தபோது, "ரெண்டு கையும் முன்னால போயிட்டு, நாங்க பின்னால வாரோம்" என்று சிரித்தார். அப்போதெல்லாம் சிரித்தார். சின்ன மாமா எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். காப்பியை உறிஞ்சிவிட்டு, டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ஹேமா, டிகாக்சன் வண்டி ஏறிட்டு போலிருக்கே" என்பார். குடித்துவிடுவார். குறை சொன்னதே இல்லை. போன பொங்கலுக்கு பென்ஷன் அரியர்ஸ் என்று ஒரு தொகை வந்தபோது கவரைப் பிரிக்காமலே என் கையில் வைத்தார். "இதையும் அந்த டப்பாவுல போடு." போட்டேன். வாங்கக் கூடாதா, வீட்டு மனுஷர்தானே, சாப்பிடுகிறவர்தானே. பேப்பரை நிறுத்தியபோதுதான் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஒரே ஒரு நாள். பிறகு லைப்ரரிக்குப் போய்ப் படித்துக்கொள்கிறேன், நடந்தால் உடம்புக்கும் நல்லது என்று அவரேதான் சொன்னார். அவரேதான். நான் போகச் சொல்லவில்லை. போன வாரம் லைப்ரரியில் இருந்து திரும்பும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது, குடை இல்லை, நனைந்து வந்தார், இருமல் வந்தது. மழை ஊருக்கே பெய்தது. அதற்கும் பேப்பருக்கும் என்ன. ஒன்றும் இல்லை. ஃபேன் என்ன இப்படித் தட்டுகிறது, ஒரு எலக்ட்ரீஷியன் இல்லையா இந்த ஆஸ்பத்திரியில்.

போன் அடிக்கிறது. மைனி. எடுக்காவிட்டால் இவருக்கு அடிப்பாள். எடுத்தேன். பஸ் சத்தத்துக்கு நடுவில் கத்துகிறாள். "ஏ ஹேமா, தம்பி சொன்னான். டாக்டரே கைய விரிச்சுட்டாராம்லா." கை விரிக்கவில்லை மைனி, கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். "கஞ்சியெல்லாம் நிறுத்து. இழுத்துக்கிட்டுக் கெடக்கவருக்குக் கஞ்சி எதுக்கு. நான் பசும்பாலைக் காச்சி எடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். நம்ம ஊரு வீட்டு முத்தத்துல ஒரு பிடி மண்ணும் எடுத்து முந்தியில முடிஞ்சிருக்கேன். ஏதோ ஒரு ஆசை உள்ள கெடந்து இழுக்கு. மண்ணாசையோ பொன்னாசையோ, யாரு கண்டா. கரைச்சு நாக்குல ஒரு சொட்டு விட்டா ஆசை அத்துரும். பாவம், நல்ல மனுசன், சித்திரவதைப்படக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும், பயப்படாத." பயப்படாதே என்கிறாள் என்னிடம். மைனி, வாயை மூடுங்க என்று சொல்ல வந்தது. சரி மைனி என்றேன். எங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். "ஜங்சன் தாண்டிட்டேன்." அப்படியானால் வந்துவிட்டாள். ஒரே வாய்தான், அதில் நான் கொடுக்கிற கஞ்சி இறங்கினால் இருக்கிறார், அவள் ஊற்றுகிற பால் இறங்கினால் போகிறார். இரண்டும் வெள்ளை, இரண்டும் பாலாடையில்தான் புகட்ட வேண்டும். அவள் நல்லவள், அழுதுகொண்டே ஊற்றுவாள். ஊர் முழுக்க அவளை மெச்சும். இவர் நல்லவர், பக்கத்தில் நின்று துண்டை வாயில் பொத்திக்கொள்வார். சித்தப்பா கஷ்டப்படாமல் போய்ச் சேர வேண்டும் என்று அத்தனை பேருக்கும் அத்தனை பெரிய மனசு. அவர் பிழைக்க வேண்டும் என்று இந்தக் கட்டிலைச் சுற்றி நினைக்கிறவள் நான் ஒருத்தி, அதுவும் டிக்கெட்டுக்காக. அதைத்தான் இவர் வராந்தாவில் கத்திவிட்டுப் போனார். இருக்கட்டும். எதற்காகவோ ஒருத்தி நினைக்கிறாள் இல்லையா. குழாயில் தண்ணீர் வந்தால் போதும், குழாய் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று தாகமானவன் பார்ப்பானா.

ஆசையாம். மாமாவுக்கு என்ன ஆசை இருக்க முடியும்? மண் கிடையாது, பங்கு வேண்டாம் என்று அண்ணனுக்கே எழுதிக் கொடுத்தவர். பொன் என்று மோதிரம் கூடப் போட்டதில்லை. பெண்ணாசை இருந்திருந்தால் என் மாமியார் பார்த்த பெண்களில் ஒருத்தியையாவது கட்டியிருப்பார். முப்பது வருஷம் பார்சல் ஆபீஸில் உட்கார்ந்து, வாழைப்பழமும் கருவாடும் மோட்டார் சைக்கிளும் எங்கெங்கோ போகிறதுக்கு ஊர்ப் பெயர் எழுதி ஒட்டினவர். வருஷா வருஷம் ரயில்வேயில் பாஸ் கொடுத்தார்கள். அவர் மதுரையைத் தாண்டினதாக நான் கேள்விப்படவில்லை. பாஸை வீணாக்குகிறீர்களே என்று ஒரு தரம் கேட்டேன். தனியா எங்க போக, என்றார். தனியா எங்க போக. அப்போது நான் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா, வாயைத் திறங்க. கஞ்சி ஆறுகிறது. ஃபிளாஸ்க்கில் இருந்து கொஞ்சம் சூடாக ஊற்றிக்கொண்டேன். பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் நுழைத்தேன், கொஞ்சம் அழுத்தமாகத்தான், அழுத்தின இடத்தில் உதடு வெளுத்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

திறந்து என்னைத்தான் பார்த்தார். அடையாளம் தெரிகிற பார்வை. வலி தெரிகிறதா என்று கேட்டேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், இவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். எதற்கும் தலை அசையவில்லை. உதடு மட்டும் கூடிப் பிரிந்தது. குனிந்து காதை வைத்தேன். மூச்சில் மருந்து நாற்றம். "வண்டி..." என்றார். எந்த வண்டி மாமா. "வெள்ளிக்கிழமை வண்டி." ஆமாம் மாமா, வெள்ளிக்கிழமைதான். இவர் வராந்தாவில் கத்தினது உள்ளே கேட்டுவிட்டது, என்ன சொல்லப் போகிறார், என்னால உங்களுக்குத் தடங்கல் என்று சொல்லப் போகிறார், சொன்னால் நான் என்ன சொல்வது, அதெல்லாம் இல்லை மாமா என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "எனக்குக் கீழ் பெர்த் தானே?"

கீழ் பெர்த். வயசானவர்களுக்குக் கீழ் பெர்த் கொடுப்பார்கள் என்று ரயில்வேக்காரருக்குத் தெரியாதா. எனக்குக் கீழ் பெர்த் தானே. எனக்கு. கோகுல் போனில் பெயர்களைத் தட்டினான், அப்பா, அம்மா, அக்கா, நான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே தட்டினான். முன்னறைக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் என்றான். ஆமாம் என்றேன். யாரும் ஐந்து என்று சொல்லவில்லை. ஐந்து என்று யாருக்கும் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று நினைத்திருந்தால் கூட அது ஒரு நினைப்பு. அவருக்குக் காது மந்தம். மைனி வீட்டில் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு, அதைக் கிளம்புகிறதுக்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளலாம், முன்னாலேயே சொன்னால் என்ன எடுத்துவைக்க, எது மறந்தேன் என்று உயிரை வாங்குவார் என்று நான்தான் இவரிடம் சொன்னேன். ஆக இத்தனை நாளும், அந்தத் தண்ணிக் காப்பியைக் குடித்தபோதும், கவரை என் கையில் வைத்தபோதும், மழையில் லைப்ரரியிலிருந்து நடந்தபோதும், இந்த மனுஷர் தன் பெட்டியில் தன் சீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். போன மாதம் தாரிணியிடம் அங்கே குளிருக்கு எத்தனை பனியன் போடணும் என்று கேட்டார், அவள் தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, எனக்குக் குளிராது தாத்தா என்றாளே. நானும் சிரித்தேனே. அடுப்படியில் நின்றுகொண்டு.

வராந்தாவில் மைனி குரல். "யம்மா, ஆவுடையப்பன்னு ஒரு பெரியவர், எந்த ரூம்மா?" ஸ்டெல்லா ஏதோ சொல்கிறாள். செருப்புச் சத்தம். மைனியின் செருப்பு எங்கே நடந்தாலும் தெரியும், இடது காலைக் கொஞ்சம் தேய்த்துத் தேய்த்து. இவர் குரலும் கேட்கிறது, வா அக்கா, இப்படி வா என்று, மருந்துக்கடையிலிருந்து வந்துவிட்டார் போல. மாமா இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேள்வி முகத்திலேயே நிற்கிறது. இல்லை மாமா, உங்களுக்கு எடுக்கவில்லை என்று சொல்கிற நாக்கு யாருக்கு இருக்கிறது, இத்தனை பேசுகிற எனக்குக் கூட இல்லை. ஆமாம் என்று சொன்னால்? ஆசை உள்ளே கிடந்து இழுக்கிறது என்றாளே. தீர்ந்தால் அறுந்துவிடும் என்றாளே. மண்ணும் வேண்டாம் பாலும் வேண்டாம், என் ஒரு சொல்லிலேயே அறுந்துவிடுமா? நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. கான்வென்ட்டில் படித்தவள். மலை என்றால் சாமி மலை மட்டும்தான் என்று வாதாடினவள். ஆனால் பாலாடையில் கஞ்சி அலைகிறது. "கீழ் பெர்த்துதான் மாமா" என்றேன். சத்தமாக. "ஜன்னலோரம்." அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. கண் மெல்ல மூடிக்கொண்டது. ஐயோ, தப்பு செய்துவிட்டேன், இருந்த ஆசையை அவிழ்த்துவிட்டேன், இவ்வளவு லேசாக நான் அவிழ்த்திருக்கக் கூடாது, இன்னொரு ஆசையைக் கட்டு, சீக்கிரம், ஏதாவது ஒன்று. "மாமா, கேக்குதா? அந்த ரயில் மட்டும் இல்ல, அங்க போய் இன்னொரு குட்டி ரயில் இருக்கு, அதுல ஏறணும். உங்களுக்கு ஸ்வெட்டர் வாங்கணும், நீலக் கலர் வேணுமா பச்சை வேணுமா, நீங்கதான் சொல்லணும். வழியில கல்கத்தாவுல ரசகுல்லா, சுகராவது ஒண்ணாவது, ஒரு நாள் தின்னா ஒண்ணும் ஆகாது. தாரிணிக்கு மாப்பிள்ளை பாக்கணும், பையன் எப்படின்னு நீங்க பாத்துச் சொல்லணும், உங்க அண்ணன் மகனுக்கு ஆளை எடை போடத் தெரியாது." என்ன பேசுகிறேன், எவ்வளவு ஆகும் இதெல்லாம், வெள்ளிக்கிழமை போனால் போகிறது, ரயில் என்ன ஒரு நாள்தான் ஓடுகிறதா. கதவைத் தள்ளிக்கொண்டு மைனி வந்துவிட்டாள். கையில் தூக்குவாளி, முந்தியில் முடிச்சு, கண்ணில் இப்போதே தண்ணீர். அவளுக்குப் பின்னால் இவர். "நகரு ஹேமா" என்கிறாள். நான் நகரவில்லை. கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் குனிந்தேன், பாலாடையை அவர் உதட்டில் வைத்தேன், இந்தத் தரம் அழுத்தவில்லை.

"மாமா. ஒரே ஒரு வாய். திறங்க மாமா."